செல்ஃப் அடிக்குது... வண்டி பிடிக்கலை!

‘கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...’

காலை ஏழே முக்கால் மணி. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயில் எதிரே என் பைக் இப்படித்தான் இருமிக் கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினால் செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது. ஆனால், வண்டி பிடிக்க மாட்டேன் என்கிறது. கிக்கரை உதைத்தேன். ‘டுப்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி.

பக்கத்தில் என் தங்கை. கையில் ஹால் டிக்கெட். விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரசாங்க உத்தியோகப் பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் கலெக்டரே சிபாரிசுக்கு வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். போக வேண்டிய தூரமோ இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு வருஷமாக வீட்டில் எல்லோரும் சீரியல் பார்க்கிற நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தவள் அவள். ‘நான் ஆறரை பஸ்லயே போயிடறேண்ணா’ என்றாள். ‘வண்டி எதுக்குடி இருக்கு?’ என்று மார்தட்டியவன் அடியேன்.

ராத்திரி முழுக்கத் தூறல். காலையிலும் நனைந்துகொண்டேதான் வந்தோம். கோயில் வாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்தி ஒரு கும்பிடு போடலாம் என்று அவள் சொன்னதால் நிறுத்தினேன். கடலடியில் கிடந்த பூமியையே தூக்கிக்கொண்டு வந்தவர் பூவராகர். என் நூறு சி.சி. வண்டி அவருக்கு எம்மாத்திரம்? ஆனால், அன்றைக்கு அவர் எனக்குப் பாடம் நடத்த முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது.

வண்டி நின்றால் போதுமே, நம் ஊரில் எங்கிருந்துதான் வருவார்களோ... நாலு பேர் கூடிவிட்டார்கள்.

‘‘சோக்கைப் போடுங்க சார்!’’ போட்டேன்.

‘‘ஆக்சிலேட்டரை நல்லா முறுக்கி முறுக்கி விடுங்க!’’ முறுக்கினேன்.

‘‘டேங்க்கைத் திறந்து வாயால ஊதுங்க!’’ ஊதினேன். நாள் முழுக்க பெட்ரோல் ஏப்பம் வந்ததுதான் மிச்சம்.

‘‘வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வெச்சு எடுங்க!’’ படுக்க வைத்தேன். கண்ணாடி கீறிக்கொண்டது.

நடுநடுவே விடாமல் செல்ஃப். இருபது செகண்ட், முப்பது செகண்ட். ‘கிர்ர்ர்’ மெல்ல மெல்ல ‘கொர்...ர்...ர்’ ஆயிற்று. தங்கை ஒன்றும் பேசவில்லை. வாட்ச்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

சாவி போச்சு!

எதிர் வரிசையில் பாதி மூடிய ஷட்டர். உள்ளேயிருந்து டீ கிளாஸோடு ஒருவர் வந்தார். லுங்கி, கிரீஸ் படிந்த பனியன், ஐம்பது வயசிருக்கும். வந்தவர் செய்த முதல் காரியம், என் வண்டிச் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டதுதான்!

‘‘முதல்ல பேட்டரிக்கு ரெஸ்ட் குடு தம்பி. அது மனுஷன் மாதிரி. மூச்சு வாங்க விடணும்.’’

‘‘அண்ணே, ஒன்பது மணிக்குள்ள...’’

‘‘தெரியுது. பாப்பா கையில டிக்கெட்டைப் பாத்துதான் வந்தேன். அவசரம்னா அதுக்குத்தான் வரிசையா பார்க்கணும்.’’

செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து செகண்டுக்கு மேல் அழுத்தக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் பத்துப் பதினைந்து செகண்ட் விட்டுத்தான் அடுத்த தடவை. 1985-ல் வந்த ஆர்.எக்ஸ்.100-க்கெல்லாம் கிக்கர் மட்டும்தான். பத்து உதை உதைத்தால் கால் வலிக்கும், நாமே நிறுத்திவிட்டு யோசிப்போம். செல்ஃப் பட்டனில் கட்டைவிரல் வலிக்காதே! அதனால் பேட்டரி உயிரை விடுகிற வரை அழுத்துகிறோம். மோட்டாரும் சூடேறுகிறது. தங்கையைப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டிய பேட்டரியில் பாதியை நான் இப்படித்தான் தீர்த்திருந்தேன்.

‘‘செல்ஃப் அடிக்குதுன்னா என்ன அர்த்தம்? பேட்டரி இருக்கு, மோட்டார் இருக்கு. அந்தப் பக்கம் தேடவே வேணாம். இன்ஜின் சுத்துது, ஆனா உள்ள வெடிக்கலை. வெடிக்க மூணு வேணும். பெட்ரோல் வருதா? பொறி வருதா? காத்து அமுங்குதா? இந்த மூணுல ஏதோ ஒண்ணு லீவு போட்டிருக்கு. எதுன்னு கண்டுபிடிச்சா தீந்துச்சு.’’

இருபது வருஷ சர்வீஸ் மேனேஜர் கூட எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

காசில்லாத சோதனை

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு என்றார். ஹேண்டில்பாரில் சிவப்பு கில் சுவிட்ச். சில வண்டிகளில் இதை ஆஃப் செய்தால் செல்ஃபே அடிக்காது. சிலவற்றில் செல்ஃப் ஜோராக அடிக்கும், பொறி மட்டும் வராது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் பக்கத்து வீட்டுப் பையன் ஏறி உட்கார்ந்து ‘டுர்ர்’ என்று ஓட்டினானா? முதலில் அந்த சுவிட்ச்சைப் பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் இன்ஜின் உயிர் பெறாது. அதையும் தட்டிவிடுங்கள்.

அடுத்தது, பெட்ரோல் டேப். ஆஃபில் இருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா? டேங்க்கை ஆட்டினால் ‘சளக் சளக்’ சத்தம் கேட்கும். அதை நம்பி ‘பெட்ரோல் இருக்கு’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ரிசர்வில் இருக்கிற பெட்ரோலும் ‘சளக்’ என்றுதான் சொல்லும்!

‘‘இதுலயே நிறைய வண்டி எடுத்துடும் தம்பி. நான் காசு கேட்டா, ‘சுவிட்ச் போட்டதுக்கா?’ன்னு சண்டைக்கு வருவாங்க’’ என்று சிரித்தார். என் வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. மணி எட்டு.

பெட்ரோல் வருதா?

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன ஸ்குரு. அதை லேசாகத் திருப்பினால் உள்ளே இருக்கிற பெட்ரோல் ட்யூப் வழியாக வடியும். ஒரு பாட்டில் மூடியில் பிடித்தார். ‘‘பீடி குடிக்கிறவங்க நகருங்கப்பா!’’ என்று ஒரு அதட்டல். நாலு பேர் கூட்டம் மூன்றானது.

சொட்டுக்கூட வரவில்லை என்றால், மேலே அடைப்பு. டேங்க் மூடியில் ஊசிமுனை அளவு காற்று ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் தூசி அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ஸென்று காற்று இழுத்து, அப்புறம் வண்டி பிடித்தால் குற்றவாளி அந்த ஓட்டைதான்.

வருகிறது என்றால் மட்டும் போதாது, என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். மூடியின் அடியில் கண்ணாடி முத்து மாதிரி தனியாக உருண்டால் அது தண்ணீர். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடிக்குப் போய்விடும். இன்ஜினுக்கு முதலில் போவது அடியில் இருப்பதுதானே! மழைக்காலத்தில் வண்டியைத் திறந்தவெளியில் மாசக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் மூடியில் சுத்தமான பெட்ரோல். அளவுக்கு மேலேயே! சோக்கைப் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் இன்ஜின் குளித்து முழுகியிருந்தது. ‘ஓவர்ஃபுளோ’ என்கிறோமே, அது வண்டியின் கோளாறில்லை சார்... பெரும்பாலும் நம் கோளாறு.

பொறி வருதா?

பிளக்கின் கருப்புத் தொப்பியைக் கழற்றி, பிளக் ஸ்பானரால் பிளக்கை வெளியே எடுத்தார். மெக்கானிக் பிளக்கைப் பார்ப்பது டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. நுனி காய்ந்த பழுப்பு நிறமாக இருந்தால் வண்டி ஆரோக்கியம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால், பெட்ரோல் வருகிறது, பொறிதான் வேலை செய்யவில்லை. என்னுடையது சொட்டியது.

துணியால் துடைத்து, மறுபடி தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை இன்ஜின் மேல் படும்படி வைத்து, செல்ஃபை ஒரே ஒரு தட்டு தட்டினால் நுனியில் நீலப் பொறி ‘டிக் டிக்’கென்று வர வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் பலவீனம்.

இதைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதன் வாய்க்குப் பக்கத்தில் பொறியைக் காட்டினால் தீபாவளிதான். சிந்திய பெட்ரோலை நன்றாகத் துடைத்துவிட்டு, தள்ளி வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு, இரும்பைக் கையால் பிடிக்கக்கூடாது. வீட்டு கரண்ட் 230 வோல்ட். இந்தச் சின்னப் பொறிக்குப் பின்னால் இருப்பது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே!

கூட்டத்திலிருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, ‘‘அண்ணே, பொறி அடிக்குது. பிளக் ஓ.கே. காயில்தான் போயிருக்கும்!’’ என்று தீர்ப்பு சொன்னான். காயில் போனால் பொறியே வராதே என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. மணி எட்டு ஐந்து. தங்கையின் கண்ணில் லேசாகத் தண்ணீர்.

இடுப்பில் வந்த பொறி

மெக்கானிக் அண்ணன் அசரவில்லை. வண்டியை ஷட்டருக்கு உள்ளே இருட்டில் தள்ளிக்கொண்டு போனார். ‘‘இங்க பாரு தம்பி.’’

குனிந்து பார்த்தேன். செல்ஃபை ஒரு தட்டு. பிளக்கின் நுனியில் பொறி வந்தது. ஆனால், இடையிடையே இன்னொரு இடத்திலும் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு. வெள்ளைப் பீங்கான் இடுப்பிலிருந்து கீழே இரும்புக்கு!

‘‘நுனியில வர வேண்டியது இடுப்புல ஓடுது. வெளியில காத்து லேசா இருக்கு, நுனியில குதிக்கறது அதுக்குச் சுலபம். உள்ள போனா பிஸ்டன் காத்தை அமுக்கி வெச்சிருக்கும். அந்த நெரிசல்ல குதிக்கணும்னா ரொம்ப பலம் வேணும். கஷ்டப்பட்டு அங்க குதிக்கறதைவிட சுளுவா வெளியில ஓடிடலாம்னு கரண்ட்டு பாக்குது. அதான் வெளியில அடிக்குது, உள்ள அடிக்கலை.’’

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். ‘‘கொண்டாங்க’’ என்று பிளக்கை வாங்கிக்கொண்டார். விருத்தாசலத்தில் செராமிக் சூளையில் பல வருஷம் வேலை பார்த்தவராம். விருத்தாசலத்துப் பீங்கான் நமக்குத் தெரியும். கொலுவில் உட்காரும் பொம்மையிலிருந்து மின்சார ஃபியூஸ் கட்டை வரை அந்த ஊரில் வெந்தவை ஏராளம். செராமிக் படிப்புக்கென்றே அங்கே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

பெரியவர் தரையில் கிடந்த கறுத்த இன்ஜின் ஆயிலை விரலால் தொட்டுப் பீங்கான் மேல் தடவினார். சுத்தமான துணியால் அழுத்தித் துடைத்தார். பீங்கான் பழையபடி வெள்ளை வெளேரென்று ஆனது. ஒரே ஒரு கோடு மட்டும், தலைமுடி கனத்துக்கு, துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

‘‘விரிசல். இப்படித்தான் நாங்க மசி தடவிப் பார்ப்போம். பீங்கானுக்கு வேலையே கரண்ட்டைத் தாண்ட விடாம நிக்கறதுதான். விரிசல்ல மழைத்தண்ணி பூந்துட்டா அப்புறம் அது பீங்கான் இல்லே தம்பி, ஓட்டைக் குடம்.’’

நினைத்துப் பாருங்கள்... எப்பேர்ப்பட்ட பொருள் அது! 1902-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் இன்ஜினீயர் காட்லோப் ஹோனோல்ட், அதிக வோல்ட் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். இந்தியாவில் 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோவின் பிளக் பல தலைமுறை வண்டிகளை ஓட்டியது. 2008-ல் அந்தக் கம்பெனிக்கே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பிளக்கில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் சாதாரணக் களிமண் இல்லை. அலுமினா என்கிற அலுமினிய ஆக்சைடை 1500 டிகிரிக்கு மேல் சுட்டுச் செய்வது. நம் வண்டி நிமிஷத்துக்கு 6000 சுற்று சுற்றினால், 3000 தடவை உள்ளே வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் நெருப்பு, அடுத்த நொடியின் துளியில் குளிர்ந்த காற்று. இன்னொரு பக்கம் மழை, சேறு. அத்தனையும் தாங்கும். தாங்காதது ஒன்றே ஒன்று. பக்கவாட்டில் விழுகிற அடி.

‘‘பிளக்கைக் கடைசியா யார் கழட்டினது?’’ என்றார் மெக்கானிக் அண்ணன்.

கோயில் மணி கேட்டது. நான் அதைக் கவனிப்பது மாதிரி நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ‘நானே சர்வீஸ் பண்றேன்’ என்று உட்கார்ந்து, பிளக் ஸ்பானர் இல்லாமல் கட்டிங் பிளேயரால் பிடித்துக் கோணலாகத் திருகியவன் சாட்சாத் நானேதான். அன்றையிலிருந்தே வண்டி காலையில் இரண்டு மூன்று தடவை முக்கித்தான் எடுத்தது. ‘குளிருக்கு அப்படித்தான்’ என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். ஓடும்போது இன்ஜின் வேகத்தில் பொறி எப்படியோ வந்துகொண்டிருந்தது. நின்று, நனைந்து, மறுபடி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தபோது பல்லைக் காட்டிவிட்டது.

காத்து அமுங்குதா?

பிளக் வெளியே இருக்கும்போதே மூன்றாவது கேள்வியையும் முடித்துவிட்டார். சாவியை ஆஃப் செய்து, பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு கிக்கரை உதைக்கச் சொன்னார். விரலை ‘பட்’டென்று தள்ளிவிட்டது காற்று. இப்படித் தள்ளாமல் சோம்பலாக வந்தால் வால்வோ, ரிங்கோ தேய்ந்திருக்கிறது. அது ஒர்க்‌ஷாப் வேலை, ரோட்டோரத்தில் ஆகாது.

காற்று அமுங்கினால் போதாது. உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வேண்டும். ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கலாம். ரொம்ப நாள் நிறுத்திய வண்டி என்றால் சைலன்சர் வாயைப் பாருங்கள். குளவி அதற்குள் மண் கூடு கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்!

புதுப் பிளக் வந்தது. விலை நூற்றுச் சொச்சம். முதலில் ஸ்பானரைத் தொடாமல் விரலாலேயே மரை பிடிக்கும் வரை திருகினார். அப்புறம்தான் ஸ்பானர். அதுவும் நேராக. ‘‘கோணலா ஏறினா இன்ஜின் ஹெட்டுல மரை போயிடும். நூறு ரூபா வேலை ஆயிரக்கணக்குல முடியும்’’ என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

உள்ளே தேங்கிய பெட்ரோலை விரட்ட, சோக்கை ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு இரண்டு உதை. மூன்றாவது உதையில்...

‘ட்ட்ட்டுர்ர்ர்ர்!’

கூட்டம் கைதட்டியது. மணி எட்டேகால்.

புது வண்டிக்காரர்கள் கவனத்துக்கு...

‘என் வண்டி பி.எஸ்.6. கார்புரேட்டரே கிடையாது’ என்கிறீர்களா? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெட்ரோல் பைக்குகளில் பெரும்பாலானவை ஃபுயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கேள்வி அதே மூன்றுதான். பார்க்கிற விதம் வேறு.

சாவியை ஆன் செய்ததும் பட்டனை அழுத்தாமல் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டேங்க்குக்குள்ளிருந்து ‘ஊய்ங்’ என்று இரண்டு மூன்று செகண்ட் பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபியூஸ், இல்லை பம்ப். இன்ஜின் படம் போட்ட விளக்கு வந்து அணையாமலே இருந்தால் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்கிறது, சர்வீஸ் சென்டரில்தான் படிக்க முடியும். வண்டி கீழே விழுந்து எழுந்ததா? சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் சில வண்டிகளில் உண்டு. சாவியை ஒரு தடவை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். பேட்டரி இறங்கிவிட்டால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றும், ஆனால் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் பற்றாது. இந்த வண்டிகளில் கார்புரேட்டர் காலத்து வைத்தியம் எதையும் செய்யாதீர்கள். முக்கியமாக, டேங்க்கில் ஊதாதீர்கள்!

எட்டு ஐம்பத்திரண்டு

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன். பிளக் காசை மட்டும் வாங்கிக்கொண்டார். ‘‘லேபர்?’’ என்றதற்கு, ‘‘பாப்பா பாஸ் பண்ணி ஆபீஸரா வந்தா என் சர்டிபிகேட்டுல சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்லு’’ என்றார். கீறல் விழுந்த பிளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விருத்தாசலத்தில் அந்தப் பள்ளிக்கூட வாசலை எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தொட்டோம். தங்கை இறங்கி ஓடினாள். கேட்டுக்குள் போனவள் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள், அப்போதுதான் சிரித்தாள்.

அவள் எழுதி முடிக்கிற வரை சும்மா இருக்க முடியவில்லை. திறந்திருந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் தேடிப் பிடித்து, ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு உபரி பிளக்கும் வாங்கி சீட்டுக்கடியில் போட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவுகூட ஆகவில்லை. விரிசல் பிளக் இப்போது என் ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை.

தங்கைக்கு ரிசல்ட் இன்னும் வரவில்லை. நன்றாக எழுதியிருப்பதாகத்தான் சொல்கிறாள். அடுத்த மாசம் இன்னொரு பரீட்சை இருக்கிறது. ‘‘இப்ப என்கிட்ட ஸ்பானர், ஸ்பேர் பிளக் எல்லாம் இருக்கு. வண்டியில கொண்டுபோய் விடறேன்’’ என்றேன், மறுபடி மார்தட்டி.

‘‘ரொம்ப தேங்க்ஸ்ணா’’ என்றாள். ‘‘ஆறரை பஸ்லயே போயிடறேன்!’’